செட்ஜ்விக் அவென்யூவில் பிறந்தது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்ன அட்டை. பள்ளிப் பிள்ளைகள் குறிப்பெழுத வைத்திருப்பார்களே, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு, அந்த மாதிரி அட்டை. அதில் கையால் எழுதியிருக்கிறது: டி.ஜே. கூல் ஹெர்க் பார்ட்டி. பள்ளி திறப்பதை ஒட்டி ஒரு கொண்டாட்டம். இடம், 1520 செட்ஜ்விக் அவென்யூ, பொழுதுபோக்கு அறை. இரவு 9 மணி முதல் விடிகாலை 4 மணி வரை. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தேதி, 1973 ஆகஸ்ட் 11.

இந்த ஏற்பாடெல்லாம் ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பல் செய்தது. பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்க வேண்டும். பக்கத்துக் கடைத்தெருவில் எல்லாரும் எடுக்கும் துணியே நமக்கும் எதற்கு, மன்ஹாட்டனில் டெலான்சி தெருவுக்குப் போய் எடுத்தால் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாததாக இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. கையிலிருந்த பணம் போதவில்லை. அதனால் தாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையை வாடகைக்குப் பிடித்தார், அட்டைகளைத் தயார் செய்தார், அண்ணனை இசைத்தட்டு போடச் சொன்னார். அண்ணன் கிளைவ் கேம்பலுக்கு அப்போது 18 வயது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிவந்தவர். வாட்டசாட்டமான ஆள். ஹெர்குலிஸ் என்று கூடப் படித்தவர்கள் கூப்பிட்டது சுருங்கி ஹெர்க் ஆயிற்று.

அன்றிரவுதான் ஹிப் ஹாப், அதாவது தட்டு போடுவதும் ராப்பும் ஆட்டமும் சேர்ந்த அந்தப் பண்பாடு, பிறந்தது என்று உலகம் சொல்கிறது. 2007-இல் நியூயார்க் மாநிலம் அந்தக் கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடம் என்று ஏற்றுக்கொண்டது. 2021-இல் அமெரிக்க செனட் ஆகஸ்ட் 11-ஐ ஹிப் ஹாப் கொண்டாட்ட நாளாகத் தீர்மானம் போட்டது. 2023-இல் ஐம்பதாவது ஆண்டு விழாவை, அதே பிராங்ஸில் உள்ள யாங்கி ஸ்டேடியத்தில் பெரிய கச்சேரி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு பண்பாட்டுக்குப் பிறந்த தேதி, நேரம், கதவிலக்கம் எல்லாம் கிடைத்துவிட்டன. ஜாதகம் கணிக்கத் தேவையானது அத்தனையும் இருக்கிறது.

ஆனால் அந்த அறையில் அன்றிரவு என்ன நடந்தது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. ஹெர்க்கே பின்னாளில் சொன்னதைப் பார்ப்போம். முதலில் அவர் போட்டது தன் ஊர்ப் பாட்டு, ஜமைக்கா தட்டுகள். கூட்டம் அசையவில்லை. சரி என்று ஜேம்ஸ் பிரவுன் மாதிரியான அமெரிக்கக் கருப்பினப் பாடகர்களின், தாளம் தூக்கலான ஃபங்க் இசைக்கு மாறினார். அறை ஆடத் தொடங்கியது. அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்த சிநேகிதர்களின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார். அவ்வளவுதான். இன்று நாம் ராப் என்று சொல்கிற, வரிக்கு வரி எதுகை விழும் நீளமான பாட்டு அன்றைக்கு இல்லை. தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் ஸ்கிராட்ச் இல்லை. ஹெர்க்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வித்தைகூட அன்றிரவு இன்னும் உருவாகவில்லை. அடுத்தடுத்த பார்ட்டிகளில், ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார்.

நான் பல வருடம் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்தவன். ஹிப் ஹாப்பை முதலில் தொடங்கியது யார் என்று ஒரு விவாதம் உண்டு. எனக்கு அதில் ஆர்வம் வந்ததே அந்த வித்தையால்தான். அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வருவோம்.

ஒரு ஃபங்க் பாட்டு நான்கைந்து நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் இடத்தில் பாடகர் நிறுத்திக்கொள்வார், ஊதுகருவிகள் அடங்கிவிடும், டிரம்ஸ் மட்டும் தனியாகப் பேசும். கூடவே ஒரு கொங்காவோ பேஸ் கிட்டாரோ இருக்கலாம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி, ஆனால் பத்து விநாடியில் முடிந்துவிடும். அதற்குப் பெயர் பிரேக். பிராங்ஸ் பிள்ளைகளில் சிலர் பாட்டு முழுக்கச் சுவரோரம் நின்றுவிட்டு, அந்தப் பத்து விநாடிக்காகவே காத்திருந்து நடுவில் பாய்ந்து ஆடுகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். பத்து விநாடி போதவில்லை அவர்களுக்கு. ஹெர்க் ஒரே தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒரு டர்ன்டேபிளில், அதாவது தட்டைச் சுற்றும் கருவியில், பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் முள்ளை வைத்தார். அது முடிவதற்குள் முதல் தட்டைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்து விநாடி ஐந்து நிமிடமானது. ஒரு பாட்டின் பிரேக்கிலிருந்து இன்னொரு பாட்டின் பிரேக்குக்குத் தாவுவதும் இதில் சேர்த்தி. இதற்கு அவர் வைத்த பெயர் மெரி கோ ரவுண்ட், அதாவது குடை ராட்டினம்.

அவர் அதற்கு எடுத்துக்கொண்ட தட்டுகளைப் பாருங்கள். ஜேம்ஸ் பிரவுன் சரி. அடுத்தது இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட், ஸ்டூடியோ கலைஞர்களைக் கூட்டிச் சேர்த்த ஒரு குழு. அதற்கடுத்தது பேப் ரூத் என்ற குழுவின் 'தி மெக்சிகன்'. பேப் ரூத் யார் என்றால், இங்கிலாந்திலிருந்து வந்த ராக் குழு! பிராங்ஸில் கருப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் சேர்ந்து ஆடிய ஆட்டத்துக்குத் தாளம் கொடுத்தவர்களில் இங்கிலாந்து வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். ஹிப் ஹாப் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் சொல்ல முடியாது என்பது இந்த மூன்று தட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, சண்டை என்ன?

முதல் குரல் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான புரூக்ளினிலிருந்து வருகிறது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளவர்ஸ் என்று ஒருவர் அங்கே இருந்தார். கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை டி.ஜே.க்களில் முதலில் சூடிக்கொண்டவர்களில் ஒருவர். 1960-களின் கடைசியிலேயே இரண்டு டர்ன்டேபிள்களையும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் வைத்துப் பூங்காக்களில் இசை போட்டார். 1969-இல் யாங்கி ஸ்டேடியத்தில் ஜேம்ஸ் பிரவுன் கச்சேரிக்கு முன்னால் தட்டு போட்டவர் அவர்தான் என்று புரூக்ளின்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பூங்காவில் பெட்டியை இறக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி இசை போடுவதுதான் ஹிப் ஹாப் என்றால் அது எங்கள் தெருவில் முன்பே நடந்துவிட்டதே என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்.

இரண்டாவது குரல் மன்ஹாட்டனில் உள்ள ஹார்லெமிலிருந்து. டி.ஜே. ஹாலிவுட். இவர் பெரியவர்கள் போகும் கிளப்களில் வேலை பார்த்தவர். தட்டு ஓடும்போது அதன் தாளத்துக்குள் உட்கார்ந்து எதுகையோடு பேசினார். ஐசக் ஹேய்ஸின் ஒரு பாட்டில் இருந்த வரிகளை எடுத்து, எம்.எஃப்.எஸ்.பி. குழுவின் 'லவ் இஸ் தி மெசேஜ்' தட்டின் மேல் தாளம் பிசகாமல் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்ததிலிருந்து தன் பாணி பிறந்தது என்கிறார். அப்பல்லோ தியேட்டரில் அவருக்குக் கைதட்டல் அதிர்ந்தது. கோக் லா ராக் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஹாலிவுட் தாளத்தில் பாடினார். ராப் என்பது குரல் என்றால் முன்வரிசையில் உட்கார வேண்டியவர் அவர் என்று பழைய ராப் பாடகர்கள் பலர் சொல்கிறார்கள்.

அப்படியானால் இவர் பெயர் ஏன் பின்னால் போனது? இங்கே துணியும் செருப்பும் வயதும் குறுக்கே வருகின்றன. ஹாலிவுட் வேலை பார்த்த கிளப்களுக்கு நல்ல சட்டையும் ஷூவும் போட்டு வர வேண்டும், வயதும் ஆகியிருக்க வேண்டும். ஹெர்க்கின் பார்ட்டிக்குப் பதினாறு வயதுப் பையன் கான்வாஸ் ஷூவோடு வரலாம். அந்தப் பதினாறு வயதுக்காரர்கள்தான் பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னார்கள். அவர்களுக்கு ஹாலிவுட்டின் இசை 'டிஸ்கோ', தங்கள் இசை வேறு. கதவுக்கு வெளியே நின்றவர்கள் எழுதிய வரலாறு இது. அவர்கள் பார்க்காத அறையில் நடந்தது அதில் வராமல் போனதில் ஆச்சரியமில்லை.

பிராங்ஸுக்குள்ளேயே இன்னொரு குரல் உண்டு. பிராங்ஸ்டேல் ஹவுஸஸ் என்ற அரசுக் குடியிருப்பில் டிஸ்கோ கிங் மேரியோ என்று ஒருவர். (அந்தக் குடியிருப்பில் வளர்ந்த சோனியா சோட்டோமயோர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். இப்போது அந்த இடத்துக்கு அவர் பெயர்தான்.) ஹெர்க்குக்கு முன்பே மேரியோ வெளியில் இசை போட்டார் என்று கிழக்கு பிராங்ஸ் மக்கள் வாதாடுகிறார்கள். ஆஃப்ரிகா பாம்பாட்டா என்ற பிராங்ஸ் டி.ஜே.வுக்கு ஆரம்பத்தில் கருவிகளைக் கொடுத்து உதவியவர் மேரியோ என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

பாம்பாட்டா பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெர்க், பாம்பாட்டா, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று மூன்று பேரை மும்மூர்த்திகள் மாதிரி வைத்துத்தான் இந்த வரலாற்றைப் பல வருடம் சொன்னார்கள். தெருக்கும்பலில் இருந்தவர்களை இசைக்கும் நடனத்துக்கும் திருப்பியவர் என்ற பெருமை பாம்பாட்டாவுக்கு இருந்தது. 2016-இல், சிறுவர்களாக இருந்தபோது அவர் தங்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்று சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அதற்குப் பிறகு அவர் பெயரை முன்போல் கூசாமல் உச்சரிக்க என்னால் முடிவதில்லை. ஆனால் நடந்த வரலாற்றிலிருந்து ஒருவரைக் கிள்ளி எறியவும் முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது ஜமைக்கா. எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர். அங்கே 1950-களிலிருந்தே சவுண்ட் சிஸ்டம் என்று ஒரு மரபு. லாரியில் பெட்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கி, தட்டு போட்டு, மைக்கில் ஓர் ஆள் பேசிக்கொண்டே கூட்டத்தை ஆட்டுவிப்பார். அந்தப் பேச்சுக்கு டோஸ்டிங் என்று பெயர். ஆக ஜமைக்கா டோஸ்டிங் கப்பலேறி நியூயார்க் வந்து ராப் ஆகிவிட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். வரைபடத்தில் ஒரே ஒரு கோடு போட்டால் போதும், எழுதுகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் 1980-களில் பேட்டி எடுத்தவரிடம் ஹெர்க் அதை முகத்துக்கு நேரே மறுத்தார். சம்பந்தமே இல்லை, பிராங்ஸில் ஜமைக்காவின் ரெகே இசையைப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், எனக்கு ஊக்கம் ஜேம்ஸ் பிரவுன் என்கிற பொருளில் பேசினார். பிறகு வந்த பேட்டிகளில், சிறுவனாகக் கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் ஆட்கள் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதை விரிவாகச் சொன்னார். இரண்டும் ஒரே மனிதர் சொன்னது. எது உண்மை?

இரண்டுமே என்றுதான் நினைக்கிறேன். அவர் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்தது பாட்டை அல்ல, தொழிலை. பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும், எதிராளியின் சத்தம் நம் சத்தத்துக்குள் அமுங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் கிங்ஸ்டன் பாடம். இன்னொரு பாடமும் உண்டு. ஹெர்க் தன் தட்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பிய்த்துவிடுவார், என்ன பாட்டு என்று போட்டியாளர்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இது அப்பா சொல்லிக் கொடுத்தது என்றார். ஜமைக்காவில் காக்ஸன் டாட் என்ற பெரிய சவுண்ட் சிஸ்டக்காரர் இதே வேலையை 1950-களில் செய்தார். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வில்லிஸ் ஜாக்சனின் ஒரு தட்டில் லேபிளைச் சுரண்டிவிட்டு அதற்குத் தன் பெயரையே வைத்து 'காக்ஸன் ஹாப்' என்று போட்டுவந்தார். என்ன பாட்டு என்று தெரியாமல் போட்டியாளர் டியூக் ரீட் பல காலம் தேடி அலைந்தார்.

அதோடு முடியவில்லை. ஜமைக்காவின் அந்த டோஸ்டிங் பேச்சு எங்கிருந்து வந்தது? கவுன்ட் மச்சூக்கி போன்ற முதல் தலைமுறைப் பேச்சாளர்கள் அமெரிக்க வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜாக்கோ ஹெண்டர்சன் என்று ஒரு கருப்பர் வானொலி அறிவிப்பாளர், பிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் புகழ்பெற்றவர், பாட்டுகளுக்கு நடுவே எதுகை போட்டு வேகமாகப் பேசுவார். அந்தப் பாணி ஜமைக்கா வரை போனது. ஆக அமெரிக்கக் கருப்பர்களின் வானொலிப் பேச்சு கடல் கடந்து கிங்ஸ்டனுக்குப் போய், அங்கே பெட்டியும் பேஸும் சேர்த்துக்கொண்டு, ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் நினைவில் ஏறி பிராங்ஸுக்குத் திரும்பி வந்தது. அதே ஜாக்கோவை நியூயார்க் பிள்ளைகள் நேராகவும் கேட்டார்கள். ஜமைக்காவா அமெரிக்காவா என்று கோடு கிழிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வானொலியில் பேசும்போது இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இன்னொரு கதையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. பிராங்ஸின் நடுவே நெடுஞ்சாலை போட்டுக் குடியிருப்புகளை இடித்தார்கள், கட்டடங்கள் எரிந்தன, வேலை இல்லை, ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லாத பிள்ளைகள் ஓர் அதிசயத்தைச் செய்தார்கள் என்று. இதில் முதல் பாதி உண்மை. நகரத்தின் கட்டுமானங்களைத் திட்டமிட்ட ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி போட்ட கிராஸ் பிராங்ஸ் எக்ஸ்பிரஸ்வே ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்தது. ஒரு பகுதி அடுத்தடுத்துத் தீப்பிடித்து வெறும் செங்கலாகக் கிடந்தது. ஆனால் 'ஒன்றுமில்லாத பிள்ளைகள்' என்ற இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களிடம் அறிவு இருந்தது. ஹெர்க்கின் அப்பாவிடம் ஷூர் கம்பெனியின் ஒலிபெருக்கி அமைப்பு ஒன்று இருந்தது, ஓர் உள்ளூர் இசைக்குழுவுக்காக வாங்கியது. அதிலிருந்து முழுச் சத்தம் வரவே இல்லை. பையன் அப்பா இல்லாத நேரத்தில் ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகி, முழு பலமும் ஸ்பீக்கருக்குப் போகும் வழியைக் கண்டுபிடித்தான். முதலில் அப்பாவுக்குக் கோபம், அப்புறம் பெருமை. பூங்காவில் போடும்போது தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது ஏழ்மையின் அடையாளம் என்று பலர் எழுதுகிறார்கள். எந்தக் கம்பியில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுவது.

இதை மிக நன்றாகக் காட்டுவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் கதை. இயற்பெயர் ஜோசப் சாட்லர். பார்படோஸில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்தவர். சாமுவேல் கோம்பர்ஸ் என்ற அரசுத் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தார். வீட்டில் இருக்கும் ரேடியோவையெல்லாம் பிரித்துப் போடும் பிள்ளை.

அவர் ஹெர்க்கைப் போய்ப் பார்த்தார். தட்டுகள் அற்புதம், சத்தம் அற்புதம். ஆனால் ஒரு பிரேக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தாளம் தடுமாறியது. ஹெர்க் கண்ணால் பார்த்து முள்ளை வைப்பார், அது தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே விழும், பின்னே விழும். அப்புறம் பீட் டி.ஜே. ஜோன்ஸ் என்பவரைப் பார்த்தார். நெடுநெடுவென்று வளர்ந்தவர், பெரியவர்கள் வரும் டிஸ்கோ கூட்டங்களில் தட்டு போடுபவர். அவர் ஒரு பாட்டை இன்னொரு பாட்டோடு தையல் தெரியாமல் சேர்த்தார், ஆனால் பாட்டை முழுசாக ஓடவிட்டார். ஃபிளாஷுக்கு வேண்டியது ஜோன்ஸின் சுத்தத்தோடு ஹெர்க்கின் பிரேக். ஜோன்ஸ் அந்தப் பையனைத் தன் கருவிகளில் போட்டுப் பார்க்க விட்டார். காதில் ஹெட்ஃபோன் வைத்ததும் ஃபிளாஷுக்கு ரகசியம் புரிந்தது: வெளியே ஒரு தட்டு ஓடும்போது அடுத்த தட்டை இவர் மட்டும் முன்கூட்டியே கேட்க முடிகிறது. ஃபிளாஷின் மிக்ஸரில், அதாவது இரண்டு தட்டுகளின் ஒலியையும் கலக்கும் கருவியில், அந்த வசதி கிடையாது. அவர் ஒரு சின்ன சுவிட்சை வாங்கி மிக்ஸரின் மேல் பசை போட்டு ஒட்டி, உள்ளே ஒயர் இழுத்துத் தானே அந்த வசதியைச் செய்துகொண்டார்.

அடுத்த சிக்கல் முள். முள்ளைத் தூக்கி வைத்தால் தாளம் பிசகத்தான் செய்யும். ஆகவே தூக்கக் கூடாது, தட்டையே கையால் பின்னால் சுற்றிக் கொண்டுவர வேண்டும். தட்டின் மேல் விரல் வைப்பது அன்றைக்குப் பாவம் மாதிரி. மன்ஹாட்டனில் ஃபிரான்சிஸ் கிராசோ என்ற கிளப் டி.ஜே. தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, சரியான நேரத்தில் விடுவதைச் செய்திருக்கிறார். ஃபிளாஷ் அதற்கும் ஒரு படி மேலே போய்த் தட்டிலேயே கிரேயானால் கோடு போட்டார். கடிகார முள் மாதிரி அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பிரேக் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பத்து விநாடி பிரேக் என்றால் ஐந்தரைச் சுற்று. ஐந்தரைச் சுற்று பின்னால் இழுத்தால் தொடக்கத்தில் நிற்பீர்கள். எண்ணிக்கைதான், மந்திரம் எதுவும் இல்லை.

இதை என் வீட்டுப் பழைய டர்ன்டேபிளில் நான் செய்து பார்த்தேன். தட்டைப் பிடித்து நிறுத்தியதும் கீழே இருக்கும் ரப்பர் விரிப்பு தட்டோடு ஒட்டிக்கொண்டு அதுவும் நின்றது. மோட்டாரின் பெல்ட் வழுக்கியது. விட்டபோது பாட்டு முனகிக்கொண்டே மெதுவாக வேகம் பிடித்தது, தாளம் எங்கோ போய்விட்டது. ஃபிளாஷுக்கும் இதே இடத்தில்தான் முட்டியது. அவருடைய அம்மா தையல்காரர், அதனால் துணிவகைகள் பற்றி அவருக்குத் தெரியும். ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டினார். அது தொளதொளவென்று கிடந்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு விறைப்பாக்கித் தட்டின் அடியில் வைத்தார். இப்போது கை மேலே தட்டைப் பிடித்தாலும் கீழே மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியது. உலகமெங்கும் டி.ஜே.க்கள் இன்று வைக்கும் ஸ்லிப்மேட்டின் ஒரு மூதாதை அந்தக் கஞ்சி போட்ட துணி. நான் ஒரு பழைய ஃபெல்ட் துணியை அப்படி வெட்டி வைத்த அன்று, தட்டு கையில் லேசாக நின்று, விட்டதும் அதே வேகத்தில் புறப்பட்டது. அந்த நொடியில் எனக்கு அந்தப் பையன்மேல் வந்த மரியாதையை எந்த ஆண்டுவிழாவும் தந்ததில்லை.

இத்தனை உழைப்பையும் ஃபிளாஷ் முதன்முதலில் கூட்டத்தின் முன் காட்டியபோது என்ன நடந்தது? யாரும் ஆடவில்லை. எல்லாரும் அசையாமல் நின்று அவர் கையையே பார்த்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் அழுதார். கையைப் பார்க்கிற கூட்டத்தை ஆட வைக்க ஒரு குரல் வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. மைக்கைத் தேடிவந்தவர்களில் கௌபாய் என்ற இளைஞர் கூட்டத்தைத் தன் பிடியில் வைத்தார். மெல்லி மெல், அவர் சகோதரர் கிட் கிரியோல் என்று மற்றவர்கள் வந்தார்கள். ராப் பாடகர்கள் அந்த மேடையில் ஏறியது, டி.ஜே.யின் கை அவ்வளவு வேகமாக ஆகிவிட்டதால். ஹிப் ஹாப் என்ற சொல்லே, ராணுவத்துக்குப் போகும் நண்பனைக் கேலி செய்து கௌபாய் அணிநடைத் தாளத்தில் சொன்னதிலிருந்து வந்தது என்கிறார்கள். லவ்பக் ஸ்டார்ஸ்கி என்ற இன்னொருவரும் அது தன் சொல் என்றார். அந்த வழக்கை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஸ்கிராட்சுக்கும் உரிமைச் சண்டை உண்டு. ஃபிளாஷின் கூட்டாளி மீன் ஜீனுக்கு ஒரு தம்பி, தியோடர் லிவிங்ஸ்டன். பின்னாளில் கிராண்ட் விஸார்ட் தியோடர். பன்னிரண்டு பதிமூன்று வயதில் அறையில் சத்தமாகத் தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து திட்டத் தொடங்கினார். பையன் தட்டை நிறுத்தாமல் விரலால் பிடித்துக்கொண்டு, அம்மா பேசி முடிக்கும்வரை லேசாக முன்னும் பின்னும் அசைத்தான். ஹெட்ஃபோனில் கேட்ட அந்தச் சத்தத்தை அவன் விடவில்லை, மாதக்கணக்கில் பழகி மேடைக்குக் கொண்டுவந்தான். ஃபிளாஷ் தரப்பு, தட்டைக் கையால் இழுக்கக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்கிறது. அதுவும் சரிதான். ஒருவர் தட்டைப் பின்னால் இழுத்தது, கேட்பவர் காதில் அது விழக் கூடாது என்பதற்காக. இன்னொருவர் அதே இழுப்பைக் கேட்கவைத்தார். அசைவு ஒன்று, எண்ணம் வேறு. கண்டுபிடிப்பு என்பது எண்ணத்தில் இருக்கிறது என்று கருதுவதால் ஸ்கிராட்சை நான் தியோடருக்கே கொடுப்பேன்.

அதே அளவுகோலால் பார்த்தால் பிரேக்கை நீட்டியது ஹெர்க். தாளத்தில் பேசியது ஹாலிவுட். தட்டுகளைத் தையல் இல்லாமல் சேர்த்தது ஜோன்ஸ், ஃபிளவர்ஸ் போன்றவர்கள். கதவைத் திறந்து ஆளைக் கூட்டியது சிண்டி. சிண்டியின் பெயர்தான் இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லை. தட்டு போட்டவர் வரலாற்றில் ஏறினார். அறை பிடித்து, அட்டை எழுதி, காசு வாங்கிக் கணக்குப் பார்த்தவர் 'தங்கை' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டார். ஒரு சபையைக் கூட்டுவது எவ்வளவு வேலை என்று நிகழ்ச்சி நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹிப் ஹாப்பின் முதல் நிகழ்ச்சி அமைப்பாளர் ஒரு பள்ளி மாணவி.

இந்தச் சண்டைகள் எல்லாம் ஏன் இவ்வளவு காரமாக இருக்கின்றன என்று கேட்கலாம். 1979 வரை இவர்களில் யாருடைய பார்ட்டியும் கடையில் வாங்கும் தட்டாக வரவில்லை. கேசட்டில் பதிந்தது கொஞ்சம், நினைவில் இருப்பது மீதி. அந்த வருடம் சில்வியா ராபின்சன் என்ற தயாரிப்பாளர் நியூ ஜெர்ஸியில் மூன்று பேரைச் சேர்த்து சுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டை வெளியிட்டார். அது உலகமெங்கும் ஓடியது. அதில் டி.ஜே. கிடையாது. ஷீக் குழுவின் பாட்டு ஒன்றின் தாளத்தை ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் திரும்ப வாசித்தார்கள். பிராங்ஸ் பூங்காக்களில் ஆறு வருடம் உழைத்த கைகள் எதுவும் அந்தத் தட்டில் இல்லை.

குரலில் மட்டும் ஒருவர் இருந்தார், தனக்கே தெரியாமல். பாடிய மூவரில் பிக் பேங்க் ஹேங்க் என்பவர் பிராங்ஸில் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற டி.ஜே.யின் குழுவுக்கு மேலாளராக இருந்தவர். கேஸ் தட்டும் போடுவார், எழுதவும் செய்வார். ஹேங்க் பாடிய வரிகள் கேஸ் எழுதியவை. தட்டின் மேல் கேஸின் பெயர் இல்லை, பணமும் அவருக்கு வரவில்லை. ஆனால் கேஸின் பழைய மேடைப் பெயர் கேஸனோவா ஃபிளை. ஹேங்க் அந்த வரிகளை மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். நீங்கள் இன்றைக்கு அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டாலும், ஹேங்க் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தில் எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்வது 'கேஸனோவா' என்ற பெயரைத்தான்.

வணக்கம்.